விளக்கு வைத்த பிறகு

வலியசாலை அக்ரஹாரத்தில் சேஷன் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் அந்த வீட்டு ஆண்கள் வாசல்படி இறங்க மாட்டார்கள். சேஷனின் அப்பா இறங்கியதில்லை, சித்தப்பா இறங்கியதில்லை. ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். கரமனையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சாவித்ரி, இருபத்தேழு வருஷத்தில் கணவனோடு ஒரு செகண்ட் ஷோ பார்த்ததில்லை. சங்குமுகம் கடற்கரைக்குப் போனாலும் சூரியன் இறங்குவதற்குள் திரும்பியாக வேண்டும். அஸ்தமனம் பார்க்கத்தானே ஜனங்கள் அங்கே போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

அவளுக்கு ஒரே ஆறுதல், மகள் திவ்யலட்சுமியைச் சேஷனின் தங்கை கோமதியின் மகன் மஹேஷுக்கு நிச்சயம் செய்திருந்தது. தை மாதம் கல்யாணம். பெண் அடுத்த தெருவிலேயே இருப்பாள். மஹேஷும் தங்கமான பையன். திவ்யாவோடு பேச வந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கே எழுந்து கிளம்பிவிடுவான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா!" என்று சாவித்ரி தெரு முழுக்கச் சொல்லி மெச்சிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கப் போன இடத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. சாலை பஜார் வெயிலிலிருந்து கடைக்குள் நுழைந்த சேஷன், நாற்காலி என்று நினைத்து முதலாளியின் மடியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி பெரிய மனிதர். பதறாமல், "சாருக்கு என்ன காட்டணும்?" என்று கேட்டார். சாவித்ரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திவ்யா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். சாவித்ரியும் கூடப் போனாள்.

மலையாளம் கலந்து பேசும் டாக்டர் பிபின் கண்ணில் மருந்து விட்டு, இயந்திரம் வைத்துப் பார்த்தார். விழித்திரையில் கோளாறு. "இருட்டுல பார்வை குறையற அசுகம் சாரே. குடும்பத்துல வேற யாருக்காவது உண்டோ?"

"எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் கிடையாது" என்றார் சேஷன் விறைப்பாக.

சாவித்ரிக்கு மாமனார் ஞாபகம் வந்தது. விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பும் அவசரத்தில் கோயில் குளத்தில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட சித்தப்பா ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாக எல்லாம் சேர்ந்துகொண்டது.

"டாக்டர், இவாத்துல ஆறு மணிக்கு மேல ஆம்பிளைகள் யாரும் வெளில போறதில்லை. இத்தனை வருஷமா நான் அதை ஆசாரம்னு நெனச்சிண்டிருந்தேனாக்கும்!"

டாக்டர் பேனாவை எடுத்தார். "சாரோட அச்சனும் அம்மையும் சொந்தமோ?"

"அம்மா, அப்பாவோட மாமா பொண்ணு."

"அவங்களோட பேரண்ட்ஸ்?"

"அதுவும் சொந்தம்தான்" என்றார் சேஷன். விறைப்பு குறைந்திருந்தது.

டாக்டர் காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். நோய் இல்லாதவர் உடம்பிலும் குறை ஒளிந்திருக்கலாம். கணவன் மனைவி இருவரிடமும் இருந்தால் குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து. திவ்யாவின் பார்வைக்கு அநேகமாக ஒன்றும் வராது, ஆனால் அவளிடமும் அந்தக் குறை ஒளிந்திருக்கும். ஜீன் டெஸ்ட் எடுத்தால் உறுதியாகத் தெரியும்.

"மோளோட கல்யாணம் ஆயாச்சோ?"

"தை மாசம். அத்தை பையன்தான்" என்றாள் திவ்யா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ அந்தப் பையனும் டெஸ்ட் எடுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி."

ஆட்டோவில் சேஷன் மெல்லச் சொன்னார்: "கோமதிகிட்ட சொல்ல வேண்டாம். கல்யாணம் நின்னு போயிடும்."

சாவித்ரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே வார்த்தை தன் நாக்கு நுனியிலும் இருந்ததுதான் அவளுக்கு அதைவிட வெட்கமாக இருந்தது.

"நானே சொல்லிடுவேன்ப்பா. ஆனா நீங்க சொன்னாத்தான் அத்தை நம்புவா" என்றாள் திவ்யா.

சாயங்காலம் வீட்டில் சாவித்ரி விளக்கு வைத்தாள். அதற்காகவே காத்திருந்தவர் போல சேஷன் எழுந்தார். "சாவித்ரி, கையைக் குடு."

மூவரும் தெருவில் இறங்கினார்கள். எதிர்வீட்டு மாமி கையிலிருந்த பூவைத் தொடுக்க மறந்து பார்த்தாள்.

"எட்டாம் கிளாஸ்லேர்ந்தே எனக்குத் தெரியும்" என்றார் சேஷன். "வெளில சொல்லப்படாதுன்னு அப்பா சொல்லிட்டார்."

"என்கிட்டயுமா?"

"நீ கரமனைக்கே திரும்பிப் போயிட்டேன்னா?"

சாவித்ரிக்கு அழுகை வந்தது. அவர் கையை அழுத்திக் கிள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்தாள்.

கோமதி வீட்டில் ஒரு லைட் பாக்கியில்லாமல் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அந்த வேளையில் அண்ணனைப் பார்த்துக் கோமதி பயந்தே போனாள். சேஷன் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மஹேஷ் தலையைக் குனிந்துகொண்டான். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதும் உபசாரத்தை விடாமல் சொன்னாள்: "நன்னா இருட்டிடுத்து. மஹேஷ், மாமாவைக் கொண்டு விட்டுட்டு வா."

மஹேஷ் எழுந்திருக்கவில்லை.

"என்னால முடியாதும்மா. எனக்கும் வாசல்படி தெரியாது."

சாவித்ரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் ஊரெல்லாம் மெச்சிய ஐந்தரை மணி அடக்கம் இதுதானா? திவ்யா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நாளைக்கு லீவு போடு, டெஸ்டுக்குப் போலாம். கல்யாணம், குழந்தை எல்லாம் ரிசல்ட் பார்த்துட்டு நாம ரெண்டு பேரும் யோசிப்போம். இப்போ எழுந்திரு."

"எங்க?"

"அப்பாவைக் கொண்டு விட."

தை மாதம் கல்யாணம் நடக்குமா என்று சாவித்ரிக்குத் தெரியவில்லை. "படி இருக்கு, பார்த்து" என்று அவள் முன்னால் சேஷனிடம் சொல்ல, "படி" என்று திவ்யா பின்னால் மஹேஷிடம் சொன்னாள். விளக்கு வைத்த பிறகு, அந்தக் குடும்பத்து ஆண்கள் இரண்டு பேர் தெருவில் இறங்கி நடந்தார்கள்.