பின்சீட்டில் வந்த புகை

எனக்குக் கோபம் வந்தால் ஸ்பேனரைத் தூக்கி எறிவேன் என்று கரையான்சாவடி முழுக்கப் பேச்சு. எறிந்தது ஒரே தடவை, அதுவும் சுவரில். ஆனால் போன சனிக்கிழமை காலை அதை ஜெகன் தலையில் எறிந்திருந்தாலும் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். என் தலையில் எவனாவது எறிந்திருந்தாலும் அப்படித்தான்.

ஜெகன் நசரத்பேட்டைக்காரன். செம்பரம்பாக்கம் பக்கம் இருந்த குடும்ப நிலத்தைக் குடோனுக்கு விட்டுவிட்டுக் கார் வாங்கினான். அந்தக் காரில் எலக்ட்ரிக் கட்-அவுட் மாட்டிக்கொடுத்தது இந்த மெக்கானிக் அப்பாவு, நான்தான். இரண்டு வருஷம் ஆகிறது. சைலன்சருக்கு முன்னாலேயே புகைக் குழாயை அறுத்து ஒரு கிளைக் குழாய் வைத்து, அதன் வாயில் ஒரு தகட்டு மூடி. மூடியைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச். அழுத்தினால் மூடி திறந்து, புகை சைலன்சருக்குப் போகாமல் நேரே வெளியே வரும். வண்டி ஊரைக் கூட்டும். போலீஸைப் பார்த்தால் மறுபடி அழுத்தி மூடிக்கொண்டு சாது மாதிரிப் போகலாம். மாட்டக் கூடாத சாமான். தெரிந்துதான் மாட்டினேன். நான் மாட்டாவிட்டால் அடுத்த கடைக்காரன் மாட்டப் போகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரில் பாதி அயோக்கியத்தனம் இந்தச் சமாதானத்தில்தான் நடக்கிறது.

"அண்ணாத்தே, சுவிட்ச் போட்டா மோட்டார் சுத்துது, சவுண்டு மட்டும் ஏற மாட்டேங்குது" என்றான் ஜெகன். "நாளைக்கு நம்ம தோஸ்து கல்யாண ஊர்வலம் கீது. பத்து வண்டி போவுது. நம்ம வண்டி மட்டும் கம்முனு போனா இன்னா நினைப்பானுங்க?"

வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்தேன். பார்த்ததுமே எரிச்சல் வந்தது. வாட்டர் வாஷுக்கு விட்டால் கடைசியில் அடிப்பாகம் முழுக்க டீசல் அடித்துத் தரச் சொல்வது நம் ஆட்களின் பழக்கம். துருப் பிடிக்காதாம். அந்த டீசலில் ரோட்டுப் புழுதி எல்லாம் ஒட்டி, குழாய்ச் சூட்டில் வெந்து, மூடியின் அச்சில் கல்லாகக் கிடந்தது. முக்கி முக்கி மோட்டாரின் பல்சக்கரம் மழுங்கிவிட்டது. மூடி திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு அப்படியே நின்றிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூடினாலும் லேசா பொர்ருனு ஒரு சத்தம் வரும். ஒரு எட்டு மாசமா. அதுவும் கேக்க நல்லாத்தான் இருந்திச்சு, உட்டுட்டேன்."

அந்த இடைவெளி வழியாக எட்டு மாதமாகப் புகை வண்டியின் வயிற்றுக்கு அடியிலேயே கக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சரி, வயரைப் பார்க்கலாம் என்று உள்ளே ஏறினேன். பின்சீட்டின் கால்வைக்கும் இடத்தில் ஒரு கேரிபேக் நிறையக் காய்ந்த எலுமிச்சம்பழங்கள். சீட்டுப் பையில் மடித்து வைத்த பிளாஸ்டிக் பைகள் ஏழெட்டு.

"இது எதுக்கு?"

"பாப்பாவுக்குண்ணே. ஆவடி போனா வாந்தி எடுக்கும், தல நோவுதுன்னு அழுவும். மோந்து பாக்கச் சொல்லி அம்மா குடுத்து உடும்."

பாப்பா லாவண்யாவுக்கு நாலு வயது. ஜெகன் மனைவி ஷர்மிளா ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவள் அப்பா அங்கே தொழிற்சாலையில் இருக்கிறார். கல்யாணமானதிலிருந்து சனிக்கிழமை தோறும் ஆவடி போய்வருவார்கள். இது எனக்குத் தெரியும். போகிற வழியில் என் கடையில் காற்றுப் பிடிப்பார்கள். கொஞ்ச நாளாக அவர்களைக் காணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இப்ப போறதில்லையா?"

"நாலு மாசமா நிறுத்தியாச்சு. அந்த ஊட்டுக் காத்து கொயந்தைக்கு ஒத்துக்கலன்னு அம்மா சொல்லிடுச்சு. ஷர்மிளா அம்மா ஊட்ல எவளோ கண்ணு வைக்கிறாளாம். மாமனாருக்கு முட்டி ஆபரேசன், அவராலயும் இங்க வர முடியாது. ஷர்மிளா டெய்லி அழுவுது. நான் இன்னா பண்றது, ரெண்டு பொம்பளைங்க நடுவுல மாட்டிகினு."

நான் கார்ப்பெட்டைத் தூக்கினேன். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஓட்டை. கீழே மோட்டாருக்குப் போகிற வயர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. ஓட்டையைச் சுற்றி, அடுப்புக்கு மேல் சுவர் கறுத்திருப்பதுபோல் கரி. குழந்தை கால் தொங்கப் போடுகிற இடம்.

அந்த ஓட்டையை டிரில் போட்டவன் நான். வயர் போகிற ஓட்டையில் ரப்பர் வளையம் வைத்து அடைக்க வேண்டும். அன்றைக்குக் கையில் ரப்பர் இல்லை. ஸ்பேர்பார்ட்ஸ் கடை நாலு எட்டில் இருக்கிறது, போய் வாங்கச் சோம்பல். இன்சுலேஷன் டேப்பைச் சுருட்டித் திணித்தேன். 'அட்ஜஸ்ட் ஆயிடும்' என்று சொல்லிக்கொண்டே திணித்தது கூட ஞாபகம் இருக்கிறது. அந்த டேப் உருகி எப்போதோ விழுந்துவிட்டது.

"வண்டி ஓட்டும்போது உனக்குத் தல வலிக்காதா?"

"முன்னாடி நானும் ஷர்மிளாவும் கண்ணாடிய எறக்கிகினுதான் போவோம். சவுண்டு கேக்கணும்ல. பின்னாடி மட்டும் ஏத்தி உட்ருவேன், பாப்பாவுக்குத் தூசி ஆவாது."

பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்ஜினை ஓடவிட்டு, புகை முழுக்க அந்த இடைவெளி வழியாகவே வரட்டும் என்று பின்னால் புகைக் குழாயின் வாயில் ஈரத்துணியை அடைத்துப் பிடித்தேன். "போய்ப் பாப்பா எடத்துல உட்கார். கதவ மூடிக்கோ" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கதவைத் திறந்துகொண்டு இருமிக்கொண்டே வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நீ ஒரு நிமிஷம். பாப்பா முக்கால் மணி நேரம், பருத்திப்பட்டு டிராபிக்ல, பின்னாடி கண்ணாடிய ஏத்திகினு. வாசமே இல்லாத விஷமும் இதுல இருக்கு. தூங்கிட்டிருந்தா எழுந்திருக்கவே எழுந்திருக்காது, தெரியுமாடா உனக்கு?" அதுவரை அவனை நான் டா போட்டதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்தது என்று நினைத்தேன். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, சரி பண்ணிடு. ஆனா ஊட்ல தெரிய வாணாம். போன வாரம்தான் பாப்பாவுக்குத் தாயத்து கட்டினாங்க. தாயத்தாலதான் சரியாச்சுன்னு அம்மா நெனச்சிக்கும், ஆவடிக்கும் அனுப்பிடும். யாருக்கும் கஷ்டம் இல்ல. உனக்கும் நல்லதுதாண்ணே, ஓட்டை போட்டது நீதான."

கடைசியாகச் சொன்னதுதான் சுட்டது. ஒரு கணம், ஒரே கணம், அது நல்ல யோசனையாகத் தோன்றியது. அந்தக் கணத்துக்காக எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில்தான் மீதி எல்லாம் நடந்தது. கிரைண்டரை எடுத்துக் கட்-அவுட்டைக் குழாயோடு அறுத்தேன். அவன் 'அண்ணே அண்ணே' என்று கத்தியது சத்தத்தில் அமுங்கிப் போனது. அறுத்ததைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்தேன்.

"ஏறு. உங்க வீட்டுக்குப் போறோம்."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து நசரத்பேட்டை வரும்வரை கெஞ்சிக்கொண்டே வந்தான். காதில் வாங்கவில்லை.

வாசலில் அவன் அம்மா சொர்ணம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஷர்மிளா குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சாக்கை அவிழ்த்து அந்தக் கறுத்த குழாயைத் தரையில் வைத்தேன். மூடி மூடாததை, புகை மேலே ஏறுவதை, குழந்தை கால் வைக்கும் இடத்தை, எல்லாம் சொன்னேன். ஆவடிக் காற்றுக்கும் கண்ணுக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் கூட்டிப்போய்க் காட்டிவிடச் சொன்னேன்.

"மெக்கானிக் வந்து வைத்தியம் சொல்றான் பாரு" என்றாள் சொர்ணம். மகன் தலை குனிந்து நிற்பதைப் பார்த்ததும் மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தாள்.

ஷர்மிளா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஓட்டைய யாருண்ணா போட்டது?"

"நான்தாம்மா. அடைக்காம விட்டதும் நான்தான்."

"எங்கப்பா நாலு மாசமா போன்லயே பாக்கறாரு" என்றாள். குரல் உயரவில்லை. "அத்தை எங்கம்மா சமையல்ல ஏதோ இருக்குன்னாங்க. எங்க வீட்டுத் தண்ணின்னாங்க. நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள்.

"எங்க கெளம்பற?" என்றான் ஜெகன்.

"ஆவடிக்கு. போற வழியில டாக்டர்கிட்ட காட்டிட்டு, பூந்தமல்லில பஸ் ஏறிக்கறேன்."

யாரும் தடுக்கவில்லை. அவள் குனிந்து குழந்தையின் கையைப் பிடித்தாள். "வா செல்லம், தாத்தா வீட்டுக்குப் போலாம்."

குழந்தை கையை உதறிவிட்டுப் பின்னால் போய் வாசல் கேட்டின் கம்பியைக் கட்டிக்கொண்டது.

"தாத்தா ஊடு வாணாம்மா. வாந்தி வரும்."

"இனிமே வராதுடா."

"வரும். தாத்தா ஊட்டாலதான் வருது. ஆயா சொல்லிச்சு."

சொர்ணம் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள். ஷர்மிளா ஒவ்வொரு விரலாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அது அவள் தோளில் அடித்து அடித்து அழுதது. தெருமுனை திரும்பும்வரை, தாத்தா வாணாம், தாத்தா வாணாம் என்று கத்திக்கொண்டே போனது.