பதினாறாவது ஸ்டாப்பு

டிப்போல அவனுக்கு விசில்னு பேரு. சொந்தப் பேரை அட்டெண்டன்ஸ் நோட்டுல மட்டும் தான் பாக்க முடியும். கண்டக்டர் வேலைக்கு வந்து எட்டு வருஷம், எட்டு வருஷமும் ஒரே ரூட்டு. பால்பண்ணைல ஏத்தி லைட்ஹவுஸ்ல இறக்கணும், திரும்ப லைட்ஹவுஸ்ல ஏத்தி பால்பண்ணைல இறக்கணும். மொத்தம் பதினாறு ஸ்டாப்பு. தொண்டைன்னா அப்படி ஒரு தொண்டை அவனுக்கு. ஸ்டாப்பு பேரை ஒரு தடவை சொன்னான்னா தூங்குறவன் மட்டுமில்ல, தூங்குற மாதிரி நடிக்கிறவனும் எந்திரிச்சு பையைத் தேடுவான்.

அப்பேர்ப்பட்ட விசிலுக்கு இப்ப ரெண்டு மாசமா ராத்தூக்கம் போச்சு. காரணம் மேல் வீடு.

இந்த அபார்ட்மெண்ட்டுக்கு வந்தே ரெண்டு மாசம் தான். இவன் இருக்கறது மூணாவது மாடி, மேல இன்னும் ஒரே ஒரு மாடி. வந்த அதே வாரம் பொண்டாட்டிக்கு பிரெட் கம்பெனில நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க. அவ கிளம்பினதும் இவன் ஒண்டியா படுப்பான். படுத்தா கட்டை மாதிரி தூங்கிடுவான், அதுல குறை இல்ல. ஆனா சரியா ரெண்டு அம்பதுக்கு மேல ஆரம்பிக்கும் பாருங்க. ஒரு ஆளு நடக்கற சத்தம்னா பொறுத்துக்கலாம். இது ஒரு கும்பல். எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிச்சு, காலைத் தேச்சுக்கிட்டு, ஒரே பக்கமா நகர்ற மாதிரி. மின்விசிறி கூட லேசா ஆடும். ஒரு நிமிஷம் தான். அப்புறம் கப்சிப். ஆனா இவனுக்கு அதோட தூக்கம் போச்சு. சுவத்தைப் பாத்துட்டு படுத்திருந்து, நாலே காலுக்கு தெருமுனையில டிப்போ வேன் வந்ததும் ஏறிப் போகணும்.

போன வாரம் பஸ்ல கம்பியில சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்கிட்டான். ரெண்டு ஸ்டாப்பு தாண்டிப் போச்சு, உள்ள ஒரே கத்தல். டைம்கீப்பர் கூப்பிட்டு, குரலைக் கூட உசத்தாம, இது மூணாவது தடவைன்னு சொன்னாரு. இன்னொரு தடவை பஸ்ல கண்ணு அசந்தாலோ, வேனைத் தவற விட்டாலோ, பையையும் டிக்கெட் மிஷினையும் டேபிள்ல வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லிட்டாரு. இந்த வேலைய விட்டா விசிலுக்கு வேற என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஸ்டாப்பு பேரு சொல்லத் தெரியும்.

டிரைவர் அண்ணன் கிட்ட புலம்பினான். "டேய் விசில், மேல எத்தனை பேரு இருக்காங்கடா?"ன்னு கேட்டாரு அவரு. அப்ப தான் இவனுக்கு உறைச்சுது, கேக்கவே இல்லையே. வாட்ச்மேனைக் கேட்டா, மேல ஒரே ஒரு தையல்கார அம்மா தான், தனியா இருக்கு, வாயில்லாப் பூச்சின்னாரு.

ஒரு பொம்பளை எப்படிங்க நூறு காலு வெச்சு நடக்கும்?

அன்னைக்கு சாயங்காலமே மேல போனான். நறுக்குனு நாலு வார்த்தை கேட்டுடணும்னு படியிலயே ஒத்திகை பாத்துட்டு தான் போனான். கதவைத் திறந்த அக்காவுக்கு அம்பது வயசு இருக்கும், கழுத்துல இன்ச் டேப்பு, கண்ணுக்குக் கீழ ரெண்டு கருப்பு வளையம். இவனுக்கு மேல தூக்கம் கெட்ட மூஞ்சி. நீங்க தானே கீழ் வீட்டு கண்டக்டர் தம்பி, நானே வரணும்னு தான் இருந்தேன், உக்காருங்கன்னு சொல்லிட்டு டீ போடப் போயிடுச்சு. கொண்டு வந்த நாலு வார்த்தையும் இவன் வாயிலயே நின்னு போச்சு.

ஹால்ல பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு மிஷினு, துணி வெட்டற டேபிளு, ரெண்டு ஸ்டூலு. இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும் ஒரு கம்பி, அதுல தச்சு முடிச்ச சட்டையெல்லாம் வரிசையா ஹேங்கர்ல தொங்குது. நடுவுல எடம் காலி, சைக்கிளே ஓட்டலாம். ஆனா அந்த அக்கா டீயை எடுத்துட்டு வந்த விதத்தைப் பாத்ததும் விசில் ஸ்டூல்ல நிமிந்து உக்காந்தான். உடம்பை ஒருக்களிச்சு, டம்ளரைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, தோளை ஒடுக்கி, ஒவ்வொரு அடியா யாரையோ இடிக்காம நுழைஞ்சு நுழைஞ்சு வருது. அந்த நடை அவனுக்கு நல்லாத் தெரியும். ஆபீஸ் நேரத்துல, நெரிசல்ல, பின் சீட்டுல இருந்து முன் சீட்டுக்கு அவன் போற நடை அது.

"தம்பி, ராத்திரில நீங்க ஸ்டாப்பு பேரு சொல்றது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு அக்கா.

தெரியாதுன்னான். அக்கா டேபிள் மேல கிடந்த துணியை விலக்கிக் காட்டுச்சு. மரப்பலகை மேல, துணிக்குக் கோடு போடற சாக்பீஸால எழுதி இருக்கு. பால்பண்ணை, தண்ணி டேங்க், ரெண்டாம் கேட், நூல் மில், கோர்ட்டு... அப்படியே வரிசை மாறாம, பதினஞ்சாவதா மீன் கம்பெனி வரைக்கும். அந்த அக்கா அந்த பஸ்ல ஒரு நாளும் ஏறுனது இல்லையாம். ஒன்றரை மணிக்கு கீழ இருந்து முதல் பேரு வருமாம். வந்ததும் ஹால்ல ஆளுங்க ஏறுற சத்தமாம். நாலு பேரு, அஞ்சு பேரு. அடுத்த பேருக்கு இன்னும் ரெண்டு பேரு. இப்படியே கூட்டம் சேந்து, மீன் கம்பெனின்னு இவன் சொன்னதும் மொத்தப் பேரும் எந்திரிச்சு வாசலைப் பாத்து நகர்றாங்களாம். அதோட குரல் நின்னு போயிடுமாம்.

விசிலுக்குப் புரிஞ்சு போச்சு. வேற எவனுக்குப் புரியலேன்னாலும் ஒரு கண்டக்டருக்குப் புரியும். கடைசி ஸ்டாப்பு வரப் போகுதுன்னா ஜனம் முன்னாடியே எந்திரிச்சு கதவுகிட்ட முண்டி அடிக்கும். அந்தச் சத்தத்துல தான் இவன் முழிச்சுக்கறான். முழிச்சதும் வாயி மூடிக்குது. லைட்ஹவுஸ்னு இவன் சொன்னதே இல்ல. சொல்லாம அவங்க எப்படி இறங்குவாங்க?

அப்புறம் எங்க போறாங்கன்னு கேட்டான். எங்கயும் போகலன்னுச்சு அக்கா. நிக்கறாங்க. முந்தாநாள் ஏறுனவங்களும் நிக்கறாங்க, முதல் நாள் ஏறுனவங்களும் நிக்கறாங்க. இறங்குங்க இறங்குங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன், என்னை யாரு மதிக்கிறான்னு சொல்லிட்டு, காத்துல எதையோ முழங்கையால லேசா ஒதுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்துச்சு.

கீழ வந்ததும் பொண்டாட்டிக்கு போன் போட்டான். ஏங்க இது உங்களுக்கு இப்ப தான் தெரியுமான்னு சிரிச்சா அவ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து தூக்கத்துல பஸ் ஓட்டுறீங்க, முதல் ஸ்டாப்பு சொன்னதும் முதுகுல ஒண்ணு போடுவேன், அடங்கிடுவீங்கன்னா. அதாவது தினம் அவ கை தான் அந்த பஸ்ஸை கிளம்பவே விடாம நிறுத்தி வெச்சிருக்கு. அவ நைட் ஷிப்ட் போனதும் தட்ட ஆளில்ல.

அன்னைக்கு ராத்திரி காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு படுத்தான். தூக்கத்துலயே பதினாறாவதையும் சொல்லிட்டா கதை முடிஞ்சுதுல்ல? முடியல. ரெண்டு அம்பதுக்கு கட்டிலே குலுங்கி எழுப்பி விட்டுடுச்சு. பஞ்சைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, செருப்பு கூட போடாம மாடிக்கு ஓடினான்.

அக்கா கதவைத் திறந்து வெச்சிட்டு வெளிய நின்னுட்டு இருந்துச்சு. ஹால்ல லைட் எரியுது. ஒரு ஆளு இல்ல. ஆனா வாசல்கிட்ட போக முடியல அவனால. மூஞ்சில அந்த வெக்கை அடிக்குது, நெரிசல் பஸ்ஸுக்குள்ள இருக்குமே, பல பேரு மூச்சு சேந்த வெக்கை. கம்பில தொங்குற சட்டையெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு, ஆடாம அப்படியே நிக்குது. யாரோ அதுங்க மேல தோளை வெச்சு நிக்கற மாதிரி.

விசில் தொண்டையைச் செருமிக்கிட்டான். பஸ்ல நிக்கற மாதிரியே வாசலுக்கு ஒரு ஓரமா ஒதுங்கி நின்னுக்கிட்டான்.

"லைட்ஹவுஸ். கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் இறங்குங்க, பாத்து இறங்குங்க."

முதல் சட்டை நேரா வந்துச்சு. அப்புறம் ரெண்டாவது. கம்பி முழுக்க சட்டை ஒண்ணொண்ணா ஆடி ஆடி நிக்க, இவன் நெஞ்சை உரசிக்கிட்டு ஏதோ ஒண்ணு போகுது, இன்னொண்ணு போகுது. படியில காலடிச் சத்தம் இறங்குது. தலையை எண்ணுற பழக்கம் விடுமா? சத்தத்தை வெச்சே எண்ணினான். நூறு. இருநூறு. முந்நூத்திப் பத்துக்கு மேல எண்ணலை. குழந்தைக் காலு கூட ஒண்ணு ரெண்டு இருந்துச்சு, அதை எண்ணாமயே விட்டுட்டான், அரை டிக்கெட்டு.

கடைசிக் காலடி கீழ கேட்டைத் தாண்டிப் போச்சு. அவ்வளவு தான். ஊசி விழுந்தா கேக்கும். அக்கா ஹாலுக்கு நடுவுல போயி ரெண்டு கையையும் அகல விரிச்சுச்சு. எங்கயும் இடிக்கல. அப்படியே ஒரு சுத்து சுத்துச்சு, அம்பது வயசுப் பொம்பளை, கண்ணுல தண்ணி. தம்பி, ரெண்டு மாசம் ஆச்சு நான் நேரா நடந்துன்னு சொல்லிச்சு. விசிலுக்கும் தோள்ல இருந்து மூட்டையை இறக்குன மாதிரி இருந்துச்சு. மணி மூணு. வேன் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல கிடக்கு. ஒரு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டா இன்னைக்கு ஓட்டிடலாம், நாளைல இருந்து தினம் தூக்கம், வேலையும் தப்பிச்சுதுன்னு மனசு கணக்குப் போட்டுச்சு.

பஸ் காலியானா கண்டக்டர் ஒரு தடவை உள்ள நடந்து பாக்கணும், யாராச்சும் தூங்கிட்டாங்களா, பை கிய்யி விட்டுட்டாங்களான்னு. அதையும் பாத்தான். சுவரு வரைக்கும் போனான், திரும்பி வந்தான். வாசல்ல நின்னு கதவுல உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டினான்.

"பால்பண்ணை, பால்பண்ணை. ஏறலாம், ஏறலாம், உள்ள எடம் இருக்கு."

சொல்லி முடிச்சு தான் அவன் காதுலயே விழுந்துச்சு. ஒரு நாளைக்கு மூணு தடவை, எட்டு வருஷம். லைட்ஹவுஸ்ல இறக்கினா அடுத்த நிமிஷம் வாயி தானா சொல்ற வார்த்தை. அக்கா விரிச்ச கையை மடக்காம அப்படியே இவனைப் பாத்துச்சு. "என்ன தம்பி சொன்னீங்க இப்ப?"

கீழ கேட்டு கிறீச்சுனு திறந்துச்சு.

முதல்ல ரெண்டு காலு. அப்புறம் படி முழுக்க. முதல் மாடி, ரெண்டாம் மாடி, அவன் வீட்டு வாசலைத் தாண்டி மேல. கதவைச் சாத்திடலாம்னு அக்கா ஓடி வந்துச்சு. ஆனா கூப்பிட்டது இவன். இடம் இருக்குன்னு சொன்னது இவன். இவன் கையி கதவைப் பிடிச்சுது, சாத்தல, ஒரு ஓரமா தள்ளிப் பிடிச்சு வழி விட்டுச்சு. சட்டையெல்லாம் மறுபடி ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சுது. அக்கா மிஷினுக்குப் பின்னாடி சுவத்தோட சுவரா ஒட்டிக்கிச்சு.

படபடன்னு பதினாறு ஸ்டாப்பு பேரையும் ஒரே மூச்சுல சொல்லிப் பாத்தான். ஒரு சட்டை அசையல. எந்த பஸ்ஸும் நிமிஷத்துல ஊரைச் சுத்தி வராதில்ல. இந்தக் கூட்டம் ஊரு பாத்து, வளைவு பாத்து, சிக்னல்ல நின்னு தான் போகும். ஒன்றரை மணி நேரம். நாலரை ஆயிடும். வேன் நாலே கால்.

விட்டுட்டுப் போனா என்னான்னு ஒரு செகண்டு தோணத் தான் செஞ்சுது. சுவத்தோரமா அந்த அக்கா தோளை ஒடுக்கிக்கிட்டு நிக்கறதைப் பாத்தான். யாரோ காலை மிதிச்சுட்டாங்க போல, மூஞ்சைச் சுளிச்சுக்கிட்டு காலை இழுத்துக்கிச்சு. போங்கன்னும் சொல்லல, இருங்கன்னும் சொல்லல.

"பால்பண்ணைல எல்லாரையும் இறக்கி விட்டுட்டு தான் போவேன்க்கா. இறக்குனதும் என் வாயைப் பொத்திடுங்க, சத்தியமா பொத்திடுங்க"ன்னான் விசில்.

வாசல்ல நின்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, வண்டி எங்க வந்திருக்கும்னு மனசுல பாத்துட்டு, மீன் கம்பெனின்னு சொன்னான். ரெண்டு பேரு இறங்குனாங்க. அப்புறம் பழைய மார்க்கெட்டு. அப்புறம் ஃபயர் ஸ்டேஷன். ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் ரெண்டு பேரு அவனை உரசிட்டு கீழ போனாங்க. தெருவுல முதல் பால் வண்டி போற சத்தம் கேட்டுச்சு. அக்கா கொஞ்சம் கொஞ்சமா சுவத்துல இருந்து விலகி, ஒரு கையை நீட்டிப் பாத்துச்சு, பாதி நீண்டுச்சு.

கோர்ட்டு ஸ்டாப்பு வர இருந்தப்ப, காலுக்குக் கீழ, தரைக்கு அடியில அவன் வீட்டுல போன் அடிக்க ஆரம்பிச்சுது. டிரைவர் அண்ணன் தான், வேற யாரு இந்நேரத்துக்கு. தெருமுனையில வேனு ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுது. போன் நின்னு, மறுபடி அடிச்சுது. கீழ் வீட்டுச் சத்தம் மேல இவ்வளவு தெளிவா கேக்கும்னு அவனுக்கு அன்னைக்கு தான் தெரியும்.

வேன் கிளம்பிப் போற சத்தம் அடங்கற வரைக்கும் நின்னான். இன்னும் அஞ்சு ஸ்டாப்பு இருந்துச்சு.

"கோர்ட்டு"ன்னான். "கோர்ட்டு இறங்கறவங்க முன்னாடி வாங்க."