பின்கதவில் துரு

எண்ணூரில் டிரெய்லர் உரசியதில் அசோகனின் டாக்சியில் பானெட்டும் பின்கதவும் ஒரே நேரத்தில் நசுங்கின. விபத்து ஒன்றுக்கு ஒருமுறை வண்டிக்காரன் தன் கைப்பணத்தில் ஒரு தொகையைப் போட வேண்டும்; அதுதான் பிடித்தம். மீதியைத்தான் இன்சூரன்ஸ் தரும்.

“பின்கதவுல துரு இருக்கே. இது பழைய அடி. ரெண்டு விபத்து, ரெண்டு பிடித்தம்,” என்றார் சேதத்தைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர்.

இரண்டாவது பிடித்தத்துக்கு அசோகனிடம் வழியில்லை. வண்டி ஓடாமலேயே நின்றுவிடும்.

“உப்புக்காத்து சார், ஒரே ராவுல துரு புடிச்சிக்கும்! பானெட்டுல எண்ணெ தடவிக்கினேன். பின்கதவு செவுத்தை ஒட்டி நின்னுச்சு, கை எட்டல,” என்று பதறினான்.

அவன் மனைவி செங்கொடி பானெட்டின் எண்ணெயை அழுத்தித் துடைத்தாள். “நாளைக்கு வந்து நீயே பாரு சார்!”

சர்வேயர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் அவர் வருமுன் அசோகன் விரலால் பானெட்டைத் தடவினான். விரலில் செம்பழுப்பு ஒட்டியது. துருவைக் கண்டு அவன் மகிழ்ந்தது அதுவே முதல்முறை.