எழிலின் தொண்டைக்கட்டு

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் எனக்குப் பெண் பேச வந்தார். பெண் என்று அவர் நினைத்திருந்தது என் மச்சினனை. இந்தக் கதை எழுத வேறு காரணம் இல்லை.

2

முதல் தொடக்கம்: 'இளவேனில் இறந்து பதினான்கு மாதம் கழித்து, ஒரு மழைநாளில்—'

மழை பெய்யவில்லை. இளவேனில் என் மனைவி. அவளைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாவது தொடக்கம்: எழில் அவளுடைய தம்பி. பிறந்தபோது தங்கை என்று எழுதிவிட்டார்கள். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. எட்டு மாதமாக டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறான். [கிணத்துக்கடவில் இருக்கும் அவன் அம்மா மாசாணியம்மாளுக்கு இது தெரியாது.]

அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் கதை இல்லை.

3

கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து எண்ணெயில் கரைத்தது. எழிலுக்கு மூன்று வாரத்துக்கு ஒன்று, இடுப்பில். முதலில் பரு வந்தது, பிறகு பசி. மாதவிலக்கு நின்றது. மீசை இன்னும் பூனைமுடிதான். அதற்குள் சீப்பு வாங்கிவிட்டான். ரத்தம் கெட்டியாகிறதா என்று அவ்வப்போது பரிசோதிக்கிறார்கள்.* நான்காம் மாதம் குரல் உடைந்தது.

(* ஜிம்மில் கிடைத்தது என்று யாரும் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. மருத்துவர் சொன்னது. கதைக்குத் தேவையில்லை, இருக்கட்டும்.)

போனில் அம்மாவிடம் தொண்டைக்கட்டு என்றான். நான்கு மாதமாக அதே தொண்டைக்கட்டு. ஊருக்கும் போகவில்லை. சித்தரத்தையும் பனங்கற்கண்டும் பஸ்ஸில் பார்சலாக வந்தபடி இருந்தன.

4

எங்கள் பக்கம் அக்கா இறந்துவிட்டால் அவள் கணவனுக்கே தங்கையைக் கொடுப்பது உண்டு. சனிக்கிழமை மாமியார் போன் செய்தார்.

"நாளைக்கு நல்ல காரியம் பேச வாரேனுங்க மாப்ள. எழிலையும் வரச்சொல்லுங்க."

எழில் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டான்.

"மாமா, ரெண்டு ஊசி தள்ளிப்போட்டா குரல் பழையபடி ஆயிருமாங்க?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மத்ததுல சிலது திரும்பும், குரல் திரும்பாதுன்னாரு."

"அப்பறம் என்ன?"

"அம்மா அழுதா ஊசிய நிறுத்திப்போடுவேனுங்க மாமா. அதான் பயமாருக்குது."

[நல்ல எழுத்தாளன் இங்கே ஆறுதலாக ஒரு வரி எழுதுவான். நான் டீ போட்டேன்.]

5

பழத்தட்டும் எழிலுக்கு இரண்டு முழம் மல்லிகையுமாக மாமியார் வந்தார். எழில்தான் கதவைத் திறந்தான்.

முடிவு அ: அவர் மயங்கி விழுகிறார். (மாட்டார். தென்னந்தோப்பில் முப்பது வருடம் சுமை தூக்கியவர்.)

முடிவு ஆ: மகனைக் கட்டிப்பிடித்து— (எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

நடந்தது:

"வாம்மா" என்றான்.

"இது தொண்டைக்கட்டு இல்லியே."

எழில் எல்லாவற்றையும் சொன்னான். பத்து நிமிடம் ஆனது.

"ஏனுங் மாப்ள, உங்களுக்கும் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்ப நான் அனுப்பிச்ச பனங்கற்கண்டு?"

"மாமா காப்பில போட்டுக் குடிச்சுப்போட்டாரும்மா" என்றான் எழில்.

நான் தரையைப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் அழுதார். "ஊசிய நிறுத்திப்போடு கண்ணு."

எழில் மல்லிகையை எடுத்துப் பழத்தட்டில் வைத்தான். பிறகு, "நிறுத்தமாட்டேம்மா" என்றான். பாதியில் குரல் கீச்சென்று போனது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் செட் ஆவுல."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று என்னால் உறுதியாக எழுத முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

"அடுத்த ஊசி எப்ப?"

"பொதங்கெழம. மாமா கூட வருவாரு."

"அவருக்கு அன்னைக்கு வேலை இருக்குமே" என்றார், பழத்தைப் பார்த்தபடி.

6

நான் ஏற்கெனவே லீவு சொல்லியிருந்தேன். அதை அங்கே சொல்லவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. நாளைக் காலை எட்டு மணிக்குக் கோவை வரும் பஸ் கிணத்துக்கடவில் நிற்கும். என் இடத்தில் எழிலோடு போக மாமியார் அதில் ஏறுவாரா என்று எனக்குத் தெரியாது. கீழே இரண்டு வரி விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதற்கும் நான் லீவை ரத்து செய்யவில்லை.

………………………………

………………………………