முன்வரிசை ட்ரம்பெட்

பிரவீன்குமாருக்கு ட்ரம்பெட் ஊத வராது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான், அவனுடைய அப்பா தெய்வநாயகம். அவரே பள்ளியின் தாளாளர். விருத்தாசலத்தில் பீங்கான் கக்கூஸ் பேசின் செய்து விற்று மேலே வந்தவர், அதே துணிச்சலோடு கல்வியிலும் இறங்கியிருந்தார். மகன் எதை வாயில் வைத்தாலும் அதிலிருந்து சங்கீதம் வரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஹிரா பதினொன்றாம் வகுப்பு. மூன்று வருஷமாகப் பள்ளி பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவள். உதடு வீங்கிப் போய், "என்னா புள்ள, கொளவி கொட்டிடுச்சா?" என்று அம்மா கமருன்னிசா கேட்கிற அளவுக்குப் பழகியிருந்தாள். பேண்டு மாஸ்டர் சாமிதுரை ஒரு மெட்டுக் கட்டியிருந்தார். நடுவில் மற்ற வாத்தியங்கள் அடங்கிப்போக, ட்ரம்பெட் மட்டும் தனியாக மேலே ஏறி, கொஞ்சம் தயங்கி நின்று, இறங்கி வரும். கடலூரில் நடக்கவிருந்த பள்ளிகளுக்கிடையிலான பேண்டு போட்டியில் அதைத்தான் வாசிப்பதாக ஏற்பாடு. அந்தத் தனி வாசிப்பு மஹிராவுக்கு.

போட்டிக்கு முந்தின வாரம் தெய்வநாயகம் ஒத்திகை பார்க்க வந்தார். பார்த்துவிட்டு மாஸ்டரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மாஸ்டர் திரும்பி வந்தபோது மஹிராவின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் பேசினார்.

"அம்மாடி, ஒரு சின்ன மாத்தம். தம்பி முன்வரிசையில நிக்கட்டும். நீ பின்னால, பெரிய ட்ரம்முக்கு மறைவா நின்னு ஊது."

"அவன் என்னா பண்ணுவான் மாஸ்டர்?"

"வாயில வச்சிக்கிட்டு நிப்பாரு."

"நிப்பாராமா! சும்மா வாயில வச்சிக்கிட்டு நிக்கறதுக்கு ட்ரம்பெட் என்னாத்துக்கு? ஒரு வாழப்பழம் குடுங்களேன், பசியாச்சும் அடங்கும்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "நீ மாட்டேன்னா அந்த எடத்தையே வெட்டிடச் சொல்லிட்டாங்கம்மா. நான் கட்டினது. ஒரு பெரிய மண்டபத்துல ஒரு தபாவாச்சும் கேக்கணும்னு ஆசையா இருக்குது."

அந்த ஆசை மஹிராவுக்கும் இருந்தது. அதனால் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டதற்காக வீடு போய்ச் சேரும் வரை தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

போட்டி நாளன்று எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு, தங்கக் குஞ்சலம், தலையில் இறகு வைத்த தொப்பி. அந்த வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சர்க்கஸ் கம்பெனி வந்திறங்கியது போலத்தான் இருந்தது. பிரவீன்குமாரின் கோட்டில் மட்டும் குஞ்சலம் கூடுதல். ட்ரம்பெட்டைத் துடைத்துத் துடைத்து அதில் தன் தலைமுடியைச் சரிபார்த்துக்கொண்டான். அவன் வரையில் அந்தக் கருவிக்கு அது ஒன்றுதான் உபயோகம்.

மேடைக்கு எதிரே மூன்று நடுவர்கள். ஒருவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தோலோடு வறுத்த முந்திரியை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். மடியில் தோல் சேர்ந்துகொண்டிருந்தது. தலைமை நடுவர் சுப்புராயன் போர்த்திய சால்வையைக் கழற்றாமல், வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பேனரில் 'இசைப் பேரறிஞர்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் தெய்வநாயகம். காலையிலிருந்தே இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு திரிந்ததை மஹிரா பார்த்திருந்தாள்.

வாசிப்பு நன்றாகவே தொடங்கியது. தனி வாசிப்பு வந்தது. மஹிரா ட்ரம்முக்குப் பின்னால் மூச்சை இழுத்துக்கொண்டு ஊத ஆரம்பித்தாள். மண்டபத்தின் உயரத்துக்கு ஒலி போய் நின்று திரும்பி வந்தது. மாஸ்டரின் கண் கலங்கியதை அவள் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அதோடு போயிருந்தால் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் முன்வரிசையில் பிரவீன்குமார் சும்மா நிற்கவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டான். உடம்பை வளைத்தான். மேல் சுரம் வந்தபோது கண்ணை மூடி, உருகி, தலையை மெல்ல ஆட்டினான்.

கண்ணை மூடினானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தனி வாசிப்பு முடிந்தது. கைதட்டல் எழுந்தது. பிரவீன்குமார் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து வணங்கினான். அவன் குனிந்த நேரத்தில் மஹிரா முதலிலிருந்து மறுபடி ஊதினாள்.

ஏற்பாட்டில் இல்லாத வாசிப்பு. மாஸ்டர் பதறிக் கை காட்டினார். அவள் பார்க்கவில்லை. குனிந்தவன் நிமிர்ந்து, அக்குளில் இருந்த ட்ரம்பெட்டைச் சந்தேகத்தோடு பார்த்தான். அவசரமாக எடுத்து வாயில் வைத்தான். அதற்குள் மெட்டு இறங்கி முடிந்துவிட்டது. இவன் மட்டும் உப்பிய கன்னத்தோடு நின்றான். பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்ற பள்ளிப் பிள்ளைகள் கத்தியும் விசிலடித்தும் சிரித்தார்கள். மஹிராவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. இனி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

பரிசு அறிவித்தார்கள். சிறந்த தனி வாசிப்புக் கோப்பை, பிரவீன்குமாருக்கு.

சுப்புராயன் மைக்கைப் பிடித்தார். "கருவிய வாயிலேர்ந்து எடுத்த பிற்பாடும் நாதம் நிக்கல பாத்தீங்களா? அதுக்குப் பேருதாங்க சாதகம்!"

முந்திரிக்காரர் கைதட்டினார். போன்காரர் தலை நிமிராமலே தட்டினார். தெய்வநாயகம் எழுந்து நின்று தட்டினார். பிரவீன்குமார் கோப்பையை வாங்கிக்கொண்டான். வெட்கப்படுவான் என்று மஹிரா அவன் முகத்தையே பார்த்தாள். ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஏறும்போது அவளிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டான்.

"ரெண்டாவது தபா ஊதப் போறேன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நான் ரெடியா இருந்திருப்பேன்ல?"



திங்கட்கிழமை பள்ளியில் பாராட்டு விழா. பெற்றோர்களோடு தெய்வநாயகத்தின் தொழிற்சாலை ஆட்களும் லாரியில் வந்து இறங்கியிருந்தார்கள். "தம்பி இப்ப அந்த மெட்ட நமக்காக வாசிப்பாரு" என்று தெய்வநாயகம் அறிவித்தார். மாஸ்டர் ஓடிவந்து மேடைக்குப் பின்னாலிருந்த திரையைக் காட்டினார்.

மஹிரா தன் ட்ரம்பெட்டை அவர் கையில் கொடுத்தாள். "கோப்பை வாங்குனவருக்கு நான் எதுக்கு மாஸ்டர்? அவருக்குத்தான் வாயிலேர்ந்து எடுத்தாலே நாதம் வருதே."

சொல்லிவிட்டுக் கூட்டத்தில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மேடையில் பிரவீன்குமார் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். வேறு வழியில்லாமல் ஊதினான். லாரி ரிவர்ஸ் எடுப்பது போல ஏதோ ஒன்று வந்தது. மறுபடி ஊதினான். அதைவிட மோசம். மைதானமே கப்சிப்பென்று இருந்தது. தெய்வநாயகம் இரண்டு கையையும் உயர்த்தித் தட்ட ஆரம்பித்தார். உடனே தொழிற்சாலை ஆட்கள் தட்டினார்கள், ஆசிரியர்கள் தட்டினார்கள், பெற்றோர்களும் தட்டினார்கள்.

"என்னா புள்ள இது, நல்லாவா இருக்குது?" என்று கமருன்னிசா காதோடு கேட்டாள். கேட்டபடியே அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மஹிராவைப் பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் இருக்கிறார், அவருடைய மெட்டில் இப்போது அந்தத் தனி இடம் இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே பள்ளியின் விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் கண்ணை மூடி உருகியபடி பிரவீன்குமார், ட்ரம்பெட்டின் கட்டைகளை இடது கையால் அழுத்திக்கொண்டு நிற்கிறான். ட்ரம்பெட் ஊதத் தெரிந்தவர்கள் அதை வலது கையால்தான் அழுத்துவார்கள். படம் எடுத்தவனும் கவனிக்கவில்லை, பலகை மாட்டியவனும் கவனிக்கவில்லை. கவனிக்கிற ஒருத்தி தினமும் காலையில் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.