கித்துளின் இடது கண்

பிள்ளைக் காம்பராவில் பதினான்கு வருடமாகப் பிரேமலதாவுக்குப் போட்டி என்று ஒருவரும் இருந்ததில்லை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் கைநீட்டி வாங்குவாள். சில பிள்ளைகள் முதன்முதலாகப் பேசிய சொல் 'அம்மா' அல்ல, 'ஆயாம்மா'. தாய்மார் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிரேமலதா சிரிக்கமாட்டாள், அது தனக்கு வரவேண்டியதுதான் என்பதுபோல் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை.

தைப்பொங்கல் கழிந்த வாரம் பள்ளிக்கு முந்திய பாடம் சொல்லித்தர ரஹ்மா டீச்சர் வந்தார். புளத்கொகுபிட்டிய பஸாரில் வீடு. இருபத்தாறு வயது இருக்கும். முதல் மாதம் பாட்டும் படமுமாகப் போனது. பிரேமலதா அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் மாதம் டீச்சர் ஒரு கம்பிவலைக் கூட்டோடு வந்திறங்கினார். உள்ளே இரண்டு கினிப்பன்றிகள். வால் இல்லாத, குட்டிக் காதுள்ள, கைக்குள் அடங்கும் உயிர்கள்.

"நானா வீட்டுல வளக்குறாரு. ரெண்டக் குடுத்தாரு" என்றார் ரஹ்மா, தன் அண்ணனைச் சொல்லி. "நாங்க கினின்னு மட்டும்தான் சொல்லுவோம். மத்தப் பேர் உம்மாவுக்குப் புடிக்காது."

பிள்ளைகள் வெள்ளைக்குப் பஞ்சு என்றும், கித்துள் மரத்துக் கருப்பட்டி நிறத்தில் இருந்ததற்குக் கித்துள் என்றும் பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து காலையில் பிரேமலதா கைநீட்டினால் பிள்ளைகள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து கூட்டுக்கு ஓடினார்கள்.

மற்றப் பிள்ளைகள் ஓடியதைப் பொறுத்துக்கொண்டாள். சஸ்மிகா ஓடியதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆறு மாதக் குழந்தையாக வந்து மூன்றரை வயதுவரை பிரேமலதாவின் இடுப்பிலேயே வளர்ந்தவள் அவள். இப்போது கூட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு, விளக்குமாற்று ஈர்க்கில் ஒரு கீரை இலையைக் கோத்துக் கம்பிக்குள் நீட்டிக்கொண்டு, "டீச்சர், கித்துள் சிரிக்குது! டீச்சர், பாருங்க!" என்கிறாள். நாள் முழுதும் டீச்சர், டீச்சர். பிரேமலதா அடுப்படியில் பால்மா கரைத்துக்கொண்டே அந்தச் சொல்லை எண்ணுவாள். ஒரு நாள் பத்து மணிக்குள் நாற்பத்தொன்று.

போதாததற்கு டீச்சர் புல்லைப் பற்றியும் பாடம் எடுத்தார்.

"அக்கா, காய்ஞ்ச புல்ல ஒருக்கா நல்லா உதறி, தடிச்ச தண்டு, கதிர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போடுங்க. புல்லுக் கூடையத் தரையோட வைங்க, மேல தொங்கவிடாதீங்க. இதுகளுக்குக் கண்ணு ரெண்டும் பக்கத்துல பிதுங்கின மாதிரி நிக்குது, பாத்தீங்களா? புல்லுக்குள்ள தலைய விட்டா முதல்ல குத்துறது கண்ணுலதான்."

"சரிங்க டீச்சர்" என்றாள் வாயால். மனதுக்குள், 'நான் புல்லுக்குள்ளேயே பொறந்தவ. எனக்குப் புல்லு காட்ட வந்துட்டா' என்றாள்.

ஒரு வியாழக்கிழமை ரஹ்மா டீச்சர் கேகாலையில் ஒரு கூட்டத்துக்குப் போனார். பிரேமலதா அந்த நாளை விடவில்லை. நாலாம் நம்பர் மலையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மண் தேறட்டும் என்று மானாப்புல் வளர்த்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் அங்கே புதுக் கன்று நடுவார்கள். அதுவரை ஆளுயரம் வளர்வதை வெட்டி அங்கேயே பரப்பிவிடுவார்கள். விளிம்பு அறுக்குமென்று மாடு மூக்கை நீட்டாத புல். ஆனால் காய்ந்து கிடக்கும்போது பொன்போல் இருக்கும். மண்ணுக்கே நல்லது செய்கிற புல், இந்த எலிக்கூட்டத்துக்கா ஆகாது? இரண்டு கட்டு அள்ளிக்கொண்டு வந்து கூட்டின் கூரைவரை திணித்தாள். உதறவில்லை. பொறுக்கவில்லை.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பஞ்சும் கித்துளும் புல்மலைக்குள் புகுந்து மறைந்து, இன்னொரு பக்கத்தில் தலை நீட்டின.

"ஆயாம்மா வீடு கட்டிக் குடுத்துட்டாங்க!" என்று கத்திய சஸ்மிகா ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள். அந்தப் பிஞ்சு உடம்பின் பாரம் மடியில் இருந்த அரைமணி நேரமும் பிரேமலதாவுக்கு இந்த உலகத்தில் எந்தக் குறையும் இல்லை.

மறுநாள் காலை அவள்தான் முதலில் கதவைத் திறந்தாள். கித்துள் மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடது கண் மூடியிருந்தது. கண்ணிலிருந்து மூக்குவரை ஈரம். கீரைத் தண்டை நீட்டினாள், வாய் வைக்கவில்லை.

பிரேமலதாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவள் செய்த முதல் வேலை, மானாப்புல் அத்தனையையும் வாரிக் காம்பராவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கொட்டியதுதான். கூட்டில் பழையபடி மெல்லிய புல்லைப் பரப்பினாள். 'கடவுளே' என்று சொல்ல வந்த வாயை, இந்த வேலைக்கு நடுவில் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று மூடிக்கொண்டாள்.

ரஹ்மா டீச்சர் வந்து பார்த்தார். முகம் வாடியது. கூட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஈர்க்குக் கிடந்தது.

"இத உள்ள விட்டு விளையாடுறது யாரு?"

"சஸ்மிகா!" என்று ஏழெட்டுக் குரல்.

டீச்சர் அதட்டவில்லை. முழந்தாளிட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, "தெரியாமப் பட்டிருக்கும், என்ன? ஆனா இனிமே சஸ்மிகா கூட்டுக்கிட்டப் போகக்கூடாது" என்றார்.

சஸ்மிகாவின் உதடு பிதுங்கியது. அறை முழுவதையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராக வந்து பிரேமலதாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

பிரேமலதா ஆசைப்பட்டது அப்படியே கைக்கு வந்துவிட்டது. தூக்கி இடுப்பில் வைத்தாள். நெஞ்சுக்குள் ஒரு நொடி குளிர்ந்ததையும் மறைப்பதற்கில்லை. ஆனால் பிள்ளை தேம்பும் ஒவ்வொரு தேம்பலும் அவள் விலா எலும்பில் வந்து இடித்தது. திருடிய பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டு விழுங்க முடியாமல் நிற்பவள்போல் நின்றாள்.

காலை முழுதும் சஸ்மிகா இறங்கவில்லை, விளையாடவில்லை. பதினொரு மணிபோல் தானாக இறங்கிச் சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிரேமலதா சொல்லிக்கொடுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினாள்.

"சாமி, நான் கித்துள் கண்ணக் குத்திட்டேன். சாமி, என் கண்ணக் குத்தாதீங்க."

பிரேமலதாவின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து பால் தரையில் ஓடியது.

பன்னிரண்டு மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். சஸ்மிகாவின் அம்மா யோகராணி கூடையைக்கூட இறக்கவில்லை. அதற்குள் மற்றப் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிட்டார்கள். கித்துளின் கண் இப்போது பாதி திறந்திருந்தது. கறுப்பாக இருந்த கண்ணின்மேல் நீலமாய்ப் பால் படர்ந்திருந்தது. ரஹ்மா டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சிறிய மருந்துக் குப்பியை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் செஞ்சப்ப குடுத்த சொட்டு மருந்து. மிச்சம் இருந்திச்சு. வீட்டுல போய் எடுத்துட்டு வந்தேன்."

"குத்துனியாடி?" என்று யோகராணி மகளின் கையைப் பிடித்திழுத்தாள். "டீச்சர் ஆசையா வளக்குறத!"

"நான்தான்மா குத்துனேன்" என்றாள் சஸ்மிகா.

யோகராணியின் கை ஓங்கியது. அந்தக் கை இறங்குவதற்குள் பிரேமலதா நடுவில் வந்துவிட்டாள். அடி அவள் தோளில் விழுந்தது.

"புள்ளைய அடிக்காத. அது பண்ணல. நான்தான். மானாப்புல்ல வாரியாந்து கூட்டுக்குள்ள திணிச்சேன். காலையில அத அள்ளிப் பள்ளத்துல கொட்டி மறைச்சதும் நான்தான். டீச்சர், அந்த மருந்த ஊத்தாதீங்க. உள்ள புல்லு ஏதும் குத்திக்கிட்டு நிக்குதோ என்னமோ."

யோகராணிதான் முதலில் வாய்திறந்தாள். "பச்சப் புள்ள மேல பழியப் போட்டுட்டா நின்னீங்க? காலையிலருந்து? ஆயாம்மாவாம், ஆயாம்மா!"

பிரேமலதா தலையைக் குனிந்துகொண்டாள்.

ரஹ்மா டீச்சர் குப்பியை மூடினார். "மானாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "வாங்கக்கா. மிருக டொக்டர் ரெண்டு மணி வரைக்கும்தான் இருப்பாரு."

"புள்ளைங்களை யாரு பாக்குறது?" என்றாள் பிரேமலதா.

யோகராணி கூடையை இறக்கிச் சுவரோரம் வைத்தாள். கோபம் முகத்தை விட்டு இன்னும் போகவில்லை. "கங்காணிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அரைப்பேர்னு பாதிச் சம்பளம் போட்டாப் போட்டுக்கட்டும். போய்ட்டு வாங்க" என்றாள்.

ஆட்டோவில் கித்துளைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள் பிரேமலதா. இறக்கத்தில் பாதிவழியில் ரஹ்மா கேட்டார்.

"ஏன்கா முதல்லேயே சொல்லல?"

"வயித்தெரிச்சல் டீச்சர்." சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை. "ஒங்க மேல. நீங்க வந்ததுலருந்து புள்ளைங்க என்னயத் திரும்பிப் பாக்குறதில்ல."

ரஹ்மா வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார், கேலியாக இல்லை. "எனக்கும்தான் எரிச்சல். சஸ்மிகாவுக்கு ஒரு வாய் சோறு ஊட்டப் பாக்குறேன், ரெண்டு மாசமா. 'ஆயாம்மா ஊட்டட்டும்'னு வாயப் பொத்திக்குது. அதுக்காகத்தான் இந்தக் கினியவே கொண்டுவந்தேன், தெரியுமா? அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் எனக்கு இருந்த எரிச்சல்."

மிருக வைத்தியர் சிங்களவர். பசுவும் ஆடும் பார்த்துப் பழகிய கை. மேசைமேல் கித்துளைப் பார்த்ததும் புன்னகைத்தார். என்ன புல் என்று சிங்களத்தில் கேட்டார். மறைக்காமல் பிரேமலதா சிங்களத்திலேயே சொன்னாள். "மானாவா!" என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டு, உப்புநீரால் கண்ணைக் கழுவி, இமையை மெல்லத் தூக்கினார். கண்ணிமைக்கு அடியிலிருந்து நகத்துண்டுபோல் ஒரு புல்நுனி வந்தது. பிறகு ஒரு மஞ்சள் சாயத்தைச் சொட்டவிட்டு நீல வெளிச்சம் அடித்தார். கருவிழியின்மேல் பச்சையாக ஒரு கோடு பளிச்சிட்டது.

"இதுதான் காயம். புல் என்று சொல்லாவிட்டால் நான் இமைக்கு அடியில் தேடியிருக்கமாட்டேன்" என்றார். ரஹ்மா காட்டிய குப்பியை வாங்கிப் படித்துத் தலையை ஆட்டினார். "இது ஒப்பரேஷன் வீக்கத்துக்கு. கீறிய கண்ணில் இதைவிட்டால் புண் ஆறாது, உள்ளே இறங்கும். மனிதருக்கு மிஞ்சினதை இதற்கு ஊற்றாதீர்கள்."

புது மருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை. சாப்பிடாவிட்டால் இந்த உயிர் இரண்டு நாளில் சோர்ந்துவிடும், கரைத்து ஊட்டுங்கள் என்றார். பார்வை முழுதும் திரும்புமா என்று இப்போது சொல்லமுடியாது என்றார். சனியும் ஞாயிறும் பிரேமலதா கித்துளைத் தன் வீட்டில் வைத்து மருந்துவிட்டு, கரைத்து ஊட்டினாள்.

திங்கட்கிழமை காலை பிரேமலதா பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தாள். மூன்றரை வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது தோட்டத்துத் துரையிடம் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"சஸ்மிகா குத்தல. ஆயாம்மாதான் குத்துற புல்லப் போட்டுட்டேன். போட்டுட்டுச் சொல்லாம இருந்தேன். அது தப்பு. சாமிகிட்டயும் சொல்லிட்டேன். இப்ப ஒங்கிட்டயும் சொல்றேன்."

சஸ்மிகா கூட்டைக் கைகாட்டினாள். "அப்ப நீங்கதான் கூட்டுக்கிட்டப் போகக்கூடாது."

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். ரஹ்மா டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"சரிங்க" என்றாள் பிரேமலதா. கேலிக்குச் சொல்லவில்லை. எழுந்துபோய் அறையின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

புல்லை அங்கேயே வரவழைத்துச் சாக்கு விரித்துக் கொட்டினாள். கல்யாணமான புதிதில் தேயிலைத் தொழிற்சாலையில் தூளிலிருந்து குச்சி பொறுக்கிய விரல்கள் அவை. ஒவ்வொரு பிடியையும் உதறி, விறைத்த தண்டையும் முள்கதிரையும் தனியே எடுத்து வைத்தாள். மெல்லிய புல் மட்டும் கூட்டுக்குப் போனது. அதையும் பிள்ளைகள்தான் கொண்டுபோனார்கள். அவர்கள் டீச்சரைச் சுற்றிக் கும்மாளம் போடும்போது பழைய எரிச்சல் அடிவயிற்றில் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. அது வரும்போதெல்லாம் இன்னொரு பிடி புல்லை எடுத்து உதறினாள். வேறு மருந்து அவளுக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்குச் சொட்டு மருந்து நேரம். டீச்சர் தூக்கினால் கித்துள் துள்ளி விலகியது. வாகாகப் பிடிக்கத் தெரிந்தவள் பிரேமலதாதான்.

"சஸ்மிகாம்மா, போகட்டுமா?"

"மருந்து ஊத்த மட்டும்."

அப்படியே நான்கு நாள். நாளுக்கு நாலு தடவை அனுமதி கேட்டாள். நாலு தடவை கிடைத்தது. ஐந்தாம் நாள் அவள் கேட்பதற்கு முன்பே சஸ்மிகா துவாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கித்துளைச் சுற்றி எடுத்து, இரண்டு பேரும் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள். நீலம் வடிந்திருந்தது. கருவிழியின் ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது. அது இனி போகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"அதுக்கு என்னயத் தெரியுதா?" என்றாள் சஸ்மிகா.

பிரேமலதா தன் உள்ளங்கையால் கித்துளின் வலது கண்ணை மெதுவாக மறைத்தாள். "கீரையக் காட்டு பாப்போம்."

சஸ்மிகா கீரையை இடது பக்கம் நீட்டினாள். மூக்கு ஆடியது. மணத்தில் கண்டதோ, கண்ணால் கண்டதோ, கித்துள் கழுத்தை நீட்டி இலையைக் கவ்வி இழுத்தது.

"டீச்சர்! டீச்சர்! பாருங்க!" என்று கத்தினாள் பிள்ளை.

"டீச்சர், ஓடியாங்க" என்று பிரேமலதாவும் கூப்பிட்டாள்.