சிடார் சீவல்

வில்பெர்த் என் மகளுக்கு ஞானத்தகப்பன். அவர் என்னைக் கொமாத்ரே என்பார், நான் அவரைக் கொம்பாத்ரே என்பேன். எங்கள் மெரிதா ஊரில் இந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அதனால்தான் அவர் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பித் தொலைத்தேன்.

பெர்லாவைக் கொடுத்ததும் அவர்தான். பாம்பு வளர்த்து விற்பவர். வால் கோணலாகப் பிறந்து விலை போகாத பாம்புக்குட்டியை என் மகளுக்குப் பரிசாகத் தந்தார். அவள் மடியிலேயே வளர்ந்தது. அதன் பெட்டிக்குள் பழைய செய்தித்தாள்தான் விரித்திருந்தேன். அதைவிட நல்லதாக என்ன போடலாம் என்று அவரிடம் கேட்டேன். மறுநாளே தன் தம்பியின் தச்சுப்பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சிடார் மரச் சீவலோடு வந்து இறங்கினார்.

"துணிப்பொட்டிக்கு நாம சிடார்தானே கொமாத்ரே? ஒரு பூச்சி அண்டுதா? பாம்புக்கும் அதேதான்."

நியாயமாகத்தான் பட்டது. என் கல்யாணத் துணியே சிடார் பெட்டியில்தான் இருக்கிறது. வீடெல்லாம் மணந்தது.

பெர்லா முதலில் இரையைத் தொடவில்லை. பிறகு வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது, மூக்கில் நுரை. சிடாரில் இருக்கிற, பூச்சியை விரட்டும் எண்ணெய்தான் இதன் நுரையீரலையும் அரித்துவிட்டது, பிழைப்பது கஷ்டம் என்றார் மிருக டாக்டர். பாவம், வில்பெர்த்துக்கு இது தெரியாதே, அவருடைய பாம்புகளும் செத்துவிடுமே என்று பதறிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

கூடத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். எல்லாவற்றிலும் தேங்காய் நார்த்தூள். ஒரு சீவல்கூட இல்லை.

தெரிந்தேதான் கொடுத்தீர்களா என்று கேட்டேன். பட்டறையில் சீவல் குவிந்து கிடந்ததாம், அள்ள ஆளில்லையாம், எனக்கும் அந்த வாசனை பிடிக்குமாம். நான் இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் தோளைக் குலுக்கினார்.

"எதுக்குக் கொமாத்ரே இவ்ளோ பெருசு பண்றீங்க? விக்காத பாம்புதானே அது."

வீட்டுக்கு வந்து சீவலை ஒன்றுவிடாமல் வாரிக் கொட்டினேன். மறுபடி செய்தித்தாளை விரித்து, பெர்லாவைத் தூக்கி வைத்தேன். அது சுருளவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தது. மூச்சு இரைச்சலும் நின்றிருந்தது.

மகள் மட்டும் கோணல் வாலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஞானத்தகப்பனக் கூப்பிடும்மா. அவருக்குப் பாம்பப் பத்தி எல்லாம் தெரியும்."

"தெரியும்" என்றேன்.